கேப்சூல் வாங்கலாமா என்று கேட்டாயே

அன்பு கண்ணு,

டைபாய்டு காய்ச்சல் விட்டுவிட்டது என்று நீ சொன்ன பிறகுதான் உன் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஆன்டிபயாடிக் மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிட்டு முடி. உடம்பு தெளிந்துவிட்டதென்று நடுவில் நிறுத்தாதே.

மருந்துக்கடையில் புரோபயாடிக் கேப்சூல், அதாவது உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள் அடைத்த கேப்சூல், வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டாய். பால் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் சிறுகுடல் சுவரில் பேயர் திட்டுகள் என்று சில இடங்கள் உண்டு. அங்குள்ள எம் செல்கள், குடல் வழியே போகும் நுண்ணுயிர்களில் கொஞ்சத்தைப் பிடித்து நோய் எதிர்ப்புச் செல்களிடம் காட்டும். அதன்பிறகுதான் ஐஜிஏ என்ற எதிர்பொருள் உருவாகிக் குடல் சளியில் கலந்து, கிருமி சுவரில் ஒட்டாமல் தடுக்கும். டைபாய்டு கிருமி அந்த எம் செல் வழியாகவே உள்ளே புகுந்துவிடக்கூடியது. பொல்லாத கிருமி.

அர்ஜென்டினாவின் டுகுமான் நகரில் காப்ரியேலா பெர்டிகோன் குழுவினர், இந்தத் தடுப்பை நல்ல நுண்ணுயிர்கள் வலுப்படுத்துமா என்று பார்க்க, லாக்டோபேசில்லஸ் என்ற பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரைப் போட்டுப் புளிக்கவைத்த பாலை எலிகளுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் டைபாய்டு கிருமியின் இனமான சால்மோனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. பால் முதலில், கிருமி பிறகு. இந்த வரிசையை மறக்காதே. வந்துவிட்ட டைபாய்டைத் தயிர் குணப்படுத்தாது.

மனிதர்களிடம் பலன் இவ்வளவு பெரிதாக இல்லை. கொல்கத்தாவில் 1 முதல் 5 வயது வரையுள்ள 3,758 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 வாரம் தினமும் யாகுல்ட் என்ற புரோபயாடிக் பால் பானமும் மற்றதற்கு வெறும் சத்துப் பானமும் கொடுத்தார்கள். 24 வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்தவர்கள் முதல் பிரிவில் 608 பேர், மற்றதில் 674 பேர். பாதுகாப்பு 14 சதவீதம் என்று 2011இல் வெளியிட்டார்கள். சின்ன எண்தான், ஆனாலும் குழந்தைகள் விஷயத்தில் அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேப்சூலை மட்டும் டாக்டர் எழுதிக்கொடுக்காமல் வாங்காதே. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அவர்களுடைய சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் திரும்பி வருவது தாமதமானது.

தயிர் சாப்பிடு. வீட்டுத் தயிரில் எந்த நுண்ணுயிர் எத்தனை என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது, அதனால் அதை மருந்தென்று சொல்லமாட்டேன். ஆனால் குடல் புண்பட்டிருக்கும்போது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை சிலருக்குச் செரிக்காது. தயிரில் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே லாக்டிக் அமிலமாகியிருக்கும், மிச்சத்தைச் செரிக்கும் நொதியையும் அந்த நுண்ணுயிர்களே கொண்டுவரும். அதனால் இப்போதைக்குப் பாலைவிடத் தயிர்சாதம் உனக்கு ஒத்துக்கொள்ளும்.

பாலை நன்றாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறை ஊற்று. மோருக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான். ரோட்டோரம் ஐஸ் போட்ட மோர் வேண்டவே வேண்டாம், அந்தத் தண்ணீரிலேயே டைபாய்டு வரலாம். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதும் இல்லை. தடுப்பூசியை எப்போது போட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்டு எனக்குச் சொல்.

அப்பா