கயலின் கேள்வித்தாள்

பெரம்பூர்,
ஞாயிறு

அன்புள்ள ஸ்டெல்லா,

கயல் எம்.ஏ. முடித்ததில் ரொம்பச் சந்தோஷம். தப்பெண்ணமும் மனநலமும்தான் ஆராய்ச்சி, அதுவும் நம்ம வடசென்னையிலேயே என்கிறாளாமே. "இதில் முப்பது வருஷம் உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். பெரும்பாலும் கேள்விகளைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடு.

இந்தத் துறை ஆரம்பத்தில் வெறுக்கிறவர்களைத்தான் அளந்தது. 1925-ல் போகார்டஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் ஏணி போட்டார்: இந்த இனத்தவரைக் கல்யாண உறவாக ஏற்பீர்களா, சிநேகிதராக, பக்கத்து வீட்டுக்காரராக, உடன் வேலை பார்ப்பவராக என்று படிப்படியாக இறங்கி, நாட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்பதுவரை ஏழு படி. நம்ம ஊர் வீட்டுத் தரகரிடம் இந்த ஏணி காகிதம் இல்லாமலே இருக்கிறது! ஆனால் வாயால் சொல்வதை நம்பி அளந்தால் என்ன ஆகும் என்பதை லாபியர் என்ற இன்னொரு சமூகவியலாளர் 1934-ல் காட்டிவிட்டார். ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றி 251 விடுதி, உணவகங்களில் நுழைந்தார். ஒரே ஓர் இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, சீனர்களைச் சேர்ப்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மாட்டோம் என்றார்கள். இங்கே பெரும்பாலும் தலைகீழ். "எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்லீங்க" என்று தாளில் எழுதிவிட்டு, வாடகைக்கு ஆள் வரும்போது "சொந்த ஊர் எது?" என்று ஆரம்பிப்பார்கள். ஆகவே ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்துக் கயல் ஒரு முடிவும் எழுதக்கூடாது.

தோரட், அட்டவெல் என்ற ஆய்வாளர்கள் இந்தியாவில் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல மாற்று. 66 வாரம், 548 வேலை விளம்பரம், 4,808 விண்ணப்பம். தகுதி ஒன்றுபோல, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. பெயருக்குப் பதில் முகவரியை மாற்றிப் பார்க்கலாம்: ஒன்றில் வடசென்னையின் வியாசர்பாடி, ஒன்றில் வசதியான அண்ணாநகர். நம்ம பையன்கள் நேர்முகத்தேர்வில் வியாசர்பாடியை மறைத்து "பெரம்பூர்" என்று சொல்லிச் சமாளிப்பது ஊரறிந்த விஷயம்தானே. ஆனால் இது வேலை கொடுக்கிறவரை ஏமாற்றிச் செய்யும் சோதனை. நெறிமுறைக் குழு எழுத்தில் அனுமதி தராமல் ஒரு விண்ணப்பம்கூடப் போகக்கூடாது. அழைப்பு வந்தால் அன்றைக்கே மரியாதையாக வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நிஜமாக வேலை தேடுகிற ஒருவரின் இடத்தை நாம் அடைத்துக்கொண்டிருப்போம்.

பாரபட்சத்துக்கு ஆளாகிறவர் பக்கம் கவனம் தாமதமாகத்தான் திரும்பியது. டேவிட் வில்லியம்ஸ் குழு 1997-ல் வெளியிட்ட அன்றாடப் பாரபட்ச அளவுகோலில் ஒன்பதே கேள்வி. அதன் சாமர்த்தியம், "பாரபட்சம்" என்ற சொல் எடுத்தவுடன் வராது. மற்றவர்களைவிட மரியாதை குறைவாக நடத்துகிறார்களா, கடையில் கவனிப்பு குறைவா, உங்களைப் பார்த்துப் பயப்படுகிற மாதிரி நடந்துகொள்கிறார்களா என்று நடந்ததைத்தான் கேட்கும். காரணம் என்ன என்பது கடைசியில். முதலிலேயே "உங்களுக்குப் பாரபட்சம் நடந்ததா?" என்று கேட்டால், எங்க ஆளுங்களுக்கு நடக்குது, எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல என்பார்கள். பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட சங்கதி இது.

தமிழாக்கத்தில்தான் பாதி ஆராய்ச்சிகள் கவிழ்கின்றன. ஒருவர் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்குவது வழக்கம். அது மட்டும் போதாது. படித்த இருவரும் "மனச்சோர்வு" என்று எழுதி ஒத்துப்போய்விடுவார்கள். புளியந்தோப்பில் அந்த வார்த்தையை யார் பேசுகிறார்கள்? "மனசே சரியில்ல", "எதுலயும் பிடிப்பு இல்ல", "நெஞ்சு அடைக்குது" என்றுதான் வரும். பத்துப் பதினைந்து பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இது என்ன கேக்குதுன்னு உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல். பயப்படுகிறார்களா என்ற கேள்வியை இளவட்டம் ஒருத்தன் கெத்தாக எடுத்துக்கொண்டால், மதிப்பெண் ஏறும், புண்பட்டிருக்க மாட்டான்.

மனநலப் பக்கத்துக்கு, மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் போதும். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். கேட்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. "பாதி நாளுக்கு மேல்" என்ற பதில் பலருக்குக் குழப்பும். பதினாலு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, எத்தனை நாள் அப்படி இருந்தது என்று பிரித்து வைக்கச் சொன்னால் சுலபம்.

இரண்டு வாரம் என்பதாலேயே காலம் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தச் சமயம் காசிமேட்டில் கேட்டால் விசைப்படகு நம்பிய வீடுகளில் பணமுடையும் சேர்ந்து மதிப்பெண்ணில் ஏறும். கார்த்திகையில் வியாசர்பாடியில் தண்ணி நிற்கும்போது கேட்டாலும் அதே கதை. இதைக் கவனிக்காமல் காசிமேட்டை மே மாதத்திலும் அண்ணாநகரை ஆகஸ்டிலும் அளந்து, வித்தியாசம் முகவரியால் வந்தது என்று எழுதினால் சிரிப்பார்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்று கேட்பாள். 2014-ல் ஷ்மிட் குழு பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது பாரபட்சத்துக்கும் மனநலனுக்கும் இடையே சராசரித் தொடர்பு −0.23. அதாவது ஒன்று கூடினால் மற்றது குறையும் (முழுத் தொடர்பு என்றால் −1). சின்னதுதான். ஆட்களுக்குள் மனநலத்தில் இருக்கும் வேறுபாட்டில் ஐந்து சதவீதம் சொச்சத்தைத்தான் இது விளக்கும். 0.2 அளவுத் தொடர்பை எண்பது சதவீத உறுதியோடு பிடிக்க 194 பேர் வேண்டும். ஆனால் ஒரே தெருவில் இருபது வீடு எடுத்தால் பதில்கள் கொஞ்சம் ஒரே மாதிரி வரும். தெருவுக்குள் அந்த ஒற்றுமை (ஒன்றுமே இல்லையென்றால் 0, அச்சு அசலாக ஒன்றென்றால் 1) 0.05 என்றாலே தேவை 1.95 மடங்காகும்: 194 பேர் 379 ஆகிவிடுவார்கள். அறுபது பேரை வைத்துக்கொண்டு "தொடர்பு இல்லை" என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அப்புறம் முட்டையா கோழியா. மனசு தளர்ந்தவர் சாதாரணப் பார்வையையும் ஏளனமாக எடுத்துக்கொள்ளலாம். அதே ஆட்களை வருஷம் கழித்துத் திரும்பக் கேட்டால்தான் எது முன், எது பின் என்று கொஞ்சம் தெரியும். வாடகை வீடும் மறுகுடியேற்றமும் உள்ள இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் முப்பது சதவீதம் கைவிட்டுப்போனால், மூன்றாம் சுற்றுக்கு நூற்றில் 49 பேர்தான் மிஞ்சுவார்கள். உறவினர் இருவரின் எண்ணையும் முதல் நாளே, ஒப்புதலோடு, வாங்கி வைக்கட்டும்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பி.ஹெச்.க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றியது. ஒரே அறை வீட்டில் மாமியார் காதில் விழ அதைக் கேட்டால் எல்லோரும் பூஜ்யம்தான். மாடிக்கோ கோயில் திண்ணைக்கோ கூட்டிப்போக வேண்டும். 1 என்று வந்தால்கூட தாளை மூடிவிட்டு நகரக்கூடாது. அன்றைக்கே பேச ஒரு மனநல ஆலோசகர் முன்னேற்பாடாக இருக்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண் சீட்டும் கையில் இருக்க வேண்டும். "கீழ்ப்பாக்கம்" என்பதையே வசவாக வைத்திருக்கிற ஊர் இது. 1794-ல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரியின் பெயர் இருநூறு வருஷம் கழித்தும் தெருச்சண்டையில் வருகிறது. அங்கே போங்கள் என்று எடுத்தவுடன் சொன்னால் கதவு சாத்திவிடுவார்கள். முதலில் போனில் பேசலாம் என்று சொல்லட்டும்.

அச்சடிப்பதற்கு முன்னால் கேள்வித்தாளை எனக்கு அனுப்பச் சொல். மழைக்கு முன்னால் நீயும் அவளோடு ஒரு நடை வா.

அன்புடன்,
மல்லிகா