டர்போவைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர், தன்னுடைய பழைய டீசல் கார் மேட்டில் இழுக்கவில்லை, மிதித்தால் கரும்புகைதான் வருகிறது என்று கேட்டிருந்தார். ‘டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சுழலி) போய்விட்டது, மாற்றிவிடுங்கள்’ என்று இரண்டே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. இதையேதான் ஒரு மெக்கானிக் என்னிடமும் சொன்னார், நானும் நம்பி மாற்றினேன், மாற்றிய பிறகும் வண்டி பழையபடியேதான் ஓடியது. கடைசியில் பார்த்தால் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். வண்டி நிற்கும்போது அது மூடிக்கொள்ளும், கண்ணுக்கே தெரியாது. அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். போகிற வழியிலேயே காற்று கசிந்துவிடுகிறது, டீசல் மட்டும் முழு அளவில் உள்ளே போகிறது, எரியாத மிச்சம் புகையாக வெளியே வருகிறது.

வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0299 என்ற குறியீடு வந்தால், கணினி கேட்ட பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம், கிடைக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் கிடைக்கவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும். இன்னொன்று, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டு பூஸ்ட் வரவில்லை என்கிறார்கள். பாரம் இல்லாமல் டீசல் எஞ்சினில் பூஸ்ட் பெரிதாக ஏறாது. ஆளில்லாத சாலையில் மூன்றாவது கியரில், 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதித்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். கணினி கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று. அதில் 2000 மில்லிபார் என்று காட்டினால் பூஸ்ட் 2 பார் என்று நினைத்துவிடக் கூடாது, வெளிக்காற்றின் அழுத்தமும் அதில் சேர்ந்திருப்பதால் உண்மையான பூஸ்ட் 1 பார்தான். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால் கடல்மட்டத்தில் சுமார் 1000 காட்ட வேண்டும். அதுவே தப்பாக இருந்தால் முதலில் சென்சாரைப் பாருங்கள்.

ஹோஸ்களைத் தேடுவது சுலபம். குழாய்க்குள் லேசாக எண்ணெய்ப் பசை இருப்பது சகஜம், அதனால் கசிகிற இடத்தில் வெளியே எண்ணெயும் தூசியும் சேர்ந்து அப்பியிருக்கும். கிளாம்பைக் கழற்றி, ஹோஸை மடக்கிப் பாருங்கள்.

அப்புறம் வேக்கம், அதாவது பம்ப் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிட இழுப்பு. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 2000-களில் வந்த பல டீசல் கார்களில் டர்போவுக்குள் இருக்கும் சின்னத் தகடுகளைத் திருப்புவது வேக்கத்தில் இயங்கி ஒரு கம்பியை இழுக்கும் ஆக்சுவேட்டர்தான். அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய்கள் எஞ்சின் சூட்டில் காய்ந்து, முனையில் வெடித்துவிடும். ஒருவர் ஸ்டார்ட் செய்ய, நீங்கள் ஆக்சுவேட்டர் கம்பியைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டார்ட் ஆனதும் கம்பி உள்ளே இழுபடும், அணைத்தால் திரும்பும். அசையவில்லையா, கை வேக்கம் பம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். கம்பி தடையில்லாமல் நகர்ந்து அப்படியே நின்றால் குழாயிலோ, வேக்கத்தைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்விலோ, வேக்கம் பம்பிலோதான் கோளாறு. இழுத்த வேக்கம் நிற்காமல் இறங்கினால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு (டயாபிரம்) கிழிந்திருக்கும். வேக்கம் இறங்காமல் இருந்தும் கம்பி சிக்கினால் தகடுகளில் கரி பிடித்திருக்கிறது, அதைப் பெரும்பாலும் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். பிரேக் பெடலும் சேர்ந்து இறுகியிருந்தால் பம்பைச் சந்தேகப்படுங்கள், பிரேக்குக்கும் வேக்கம் அங்கிருந்துதான் போகிறது, அதோடு வண்டியை ஓட்டாதீர்கள்.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், திறந்தபடி மாட்டிக்கொண்ட ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது), அடைத்துக்கொண்ட சைலன்சர் பாதை, இவையும் பூஸ்டைக் குறைக்கும். இத்தனையும் சரி என்றான பிறகுதான் டர்போவுக்கு வர வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது டர்போவின் தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடலாம், முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தெரியவே கூடாது. இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தால் டர்போ போய்விட்டது என்று ஒத்துக்கொள்ளலாம். அப்போதும் எண்ணெய் வரும் குழாயில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் புதிதை மாட்டாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் நிற்கிறது, எண்ணெய் வராவிட்டால் புதிதும் சீக்கிரமே போய்விடும்.

அந்த வாசகர் இன்னும் டர்போவை மாற்றியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் அவர் கண்ணில் படும்படி அதே பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய டீசல் கார் ஓட்டும் ஒரு வாசகர்