எல்லைக் கோட்டோடு நின்றுபோன கணக்கு: நகர மதிப்பீட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் மலையக நகரத்துக்கு மீளபிவிருத்தி அவசரமில்லை, கடைவீதியைக் கொஞ்சம் அழகூட்டினால் போதும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். வறுமை எண், பத்திரிகைச் செய்திகள், கடைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து அப்படிச் சொன்னீர்கள். முடிவைக் காட்டிலும் அதற்கு வந்து சேர்ந்த வழிதான் எங்களை எழுத வைத்தது. நாங்கள் கேட்பது ஒன்றே: இந்த நகரத்தை, அதைப் பாவிக்கும் தோட்டங்களையும் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள்.

இலங்கையின் புள்ளிவிபரம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறையாகப் பிரிக்கிறது. நகர சபை எல்லைக்குள் இருப்பதால் எங்கள் நகரம் அதில் ‘நகரத்துறை’. வீட்டு அலகு வருமான செலவின ஆய்வின்படி 2019இல் நகரத்துறையில் வறுமை 6.0 சதவீதம். அதே ஆய்வில் நாடு முழுவதற்கும் 14.3, நுவரெலியா மாவட்டத்துக்கு 26.3, தோட்டத்துறைக்கு 33.8. இத்தனையிலும் நீங்கள் எடுத்துக்கொண்டது 6.0. அதற்குள் கொழும்பும் இருக்கிறது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மாவட்ட எண்ணை எடுத்திருந்தாலும் சரியாக வந்திராது. வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கத்து விவசாயக் கிராமங்களும் அம்பகமுவைத் தோட்டங்களும் அதில் கலந்து கிடக்கின்றன. அந்த ஆய்வின் மாதிரி மாவட்டம் வரைக்கும்தான் தாங்கும். ஒரு தனி நகரத்துக்கு அதை இறக்கினால் எண் நிற்காது.

20 ஏக்கருக்குக் குறையாமல் நிலமும் 10 பேருக்குக் குறையாமல் குடியிருக்கும் தொழிலாளரும் இருந்தால் அது தோட்டத்துறை. இந்த வரையறையின்படி கோடு போட்டால் கடைவீதி ஒரு துறை, அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற லயன், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், வேறொரு துறை. கடையில் காசு கொடுப்பவர் கோட்டுக்கு வெளியே, கணக்கில் வருபவர் உள்ளே.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். பஸ் நிலையத்து மலசலகூடத்தைப் பாருங்கள். சம்பளம் வங்கிக்குப் போக ஆரம்பித்த பிறகு தோட்டத்துப் பெண்கள் டவுனுக்கு இறங்காமல் முடியாது. ஏடிஎம் வரிசை, அடகுக்கடை, பிள்ளையின் கிளினிக், சாமான், பிறகு பஸ். காலையில் இறங்கியவருக்குத் திரும்பும் பஸ் பிற்பகலில்தான். அதுவரை ஒதுங்க ஓர் இடமில்லை. தண்ணீர் வரவில்லை என்று பூட்டியிருக்கும், திறந்திருந்தால் கதவுக்குக் கொளுக்கி இருக்காது. ஆகவே டவுனுக்குப் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். மாதவிடாய் நாளென்றால் கிளினிக்கையே தள்ளிப்போடுகிறார்கள். குடிசனத் தொகைமதிப்பு மலசலகூடத்தை வீட்டுக்கு வீடு கேட்டுப் பதிகிறது. நகரவாசியின் வீட்டில் இருப்பது நகரத்தின் அட்டவணையில் ஏறிவிட்டது. அந்தப் பெண்ணின் லயனில் இருப்பதோ இல்லாததோ தோட்டத்தின் அட்டவணையில் ஏறிவிட்டது. பஸ் நிலையத்தில் அவர் தேடுகிற ஒன்றை எழுத மட்டும் இரண்டிலும் கட்டமில்லை. உங்கள் அறிக்கையோ ‘சுகாதார வசதிகள் திருப்திகரம்’ என்கிறது. யாருக்குத் திருப்தி என்று மரியாதையோடு கேட்கிறோம்.

பத்திரிகைகளைப் பார்த்த விதமும் இப்படித்தான். ஆங்கிலச் செய்திகளை மட்டும் வெட்டி ஒட்டினால் மலையகத்தில் தேயிலை, பனிமூட்டம், எல்ல ரயில் தவிர வேறெதுவும் இருக்காது. தமிழ்ப் பத்திரிகையில் பிரதேச நிருபர் எழுதும் நாலுவரிச் செய்தியில்தான் குப்பை, வடிகான், உடைந்த படிக்கட்டு எல்லாம் வரும். ஓராண்டுச் செய்திகளை மூன்று மொழியிலும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் திகதி, பிரச்சினை, யாருடைய வாய்மொழி, எந்த இடம் என்று நான்கு நிரல் போதும். ஒரே செய்தி ஐந்து இணையத்தளத்தில் வந்தால் ஒன்றாக எண்ணுங்கள். விடுதி விளம்பரத்தைச் செய்தியாக எண்ணாதீர்கள். மழைக்காலந்தோறும் முகநூலில் சுற்றும் பழைய மண்சரிவுப் படங்களுக்குத் திகதி பார்க்காமல் இடம் கொடுக்காதீர்கள். இருவர் தனித்தனியே வகைப்படுத்தி ஒப்பிட்டால்தான் ஒருவரின் மனச்சாய்வு வெளியே தெரியும். இதையும் மறக்க வேண்டாம்: பத்திரிகையில் வராதது நடக்காதது அல்ல. மேலே சொன்ன மலசலகூடத்தை யார் படம் பிடிக்கப் போகிறார்?

கடைகளை எண்ணிய நாளும் பிழை. தோட்டத்தில் கொடுக்கும் தீபாவளி முற்பணம் கையில் இருக்கும் வாரத்தில் எந்த மலையக டவுனும் செழிப்பாகத்தான் தெரியும். நடைபாதைக் கடைகள் மூடிய கதவுகளை மறைத்துவிடும். சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு, சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் ஒரு செவ்வாய், பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினம் என மூன்று நாளாவது எண்ண வேண்டும். கீழ்த்தளம், மேல்தளம் தனித்தனியாக. பூட்டிய கடை எல்லாம் காலியில்லை, சில களஞ்சியம். கடைக்காரரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும். திறந்திருக்கும் கடை எல்லாம் நலமும் இல்லை. துணிக்கடை இருந்த இடத்தில் அடகுக்கடையும் பாத்திரக்கடை இருந்த இடத்தில் நுண்கடன் அலுவலகமும் வந்திருந்தால், உங்கள் தாளில் இரண்டும் ‘இயங்குகிறது’ என்றே விழும். என்ன கடை, முன்பு என்ன கடை என்று இரண்டையும் எழுதினால் நகரம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

2012 தொகைமதிப்போடு 2024ஐ ஒப்பிடும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் இடையில் மொத்தம் ஆறாகப் பிரிந்தன. சபையின் பெயரை வைத்து ஒப்பிட்டால் சனத்தொகை திடீரென்று குறைந்ததுபோல் தெரியும். மிகச்சிறிய நிர்வாக அலகான கிராம உத்தியோகத்தர் பிரிவுகளிலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எண்ணத் தெரியாத நாடு இல்லை இது. பழைய மஸ்கெலியா நகரத்தையே மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் விட்டோம். அங்கிருந்து வரும் மின்சாரம் அலகு அலகாகக் கணக்கில் இருக்கிறது. கிலோக் கணக்கில் கொழுந்தை நிறுக்கிறோம், அரைக் கிலோ குறைந்தாலும் தெரிகிறது. கொழுந்து பறித்தவர் டவுனுக்கு வந்தால் மட்டும் ஆளை எண்ண முடியவில்லை. அழகூட்டலுக்கு மணிக்கூட்டுக் கோபுரமாம், நகரத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்துப் படமெடுக்க ஓர் இடமாம். நல்லது, வரிசையில் நிற்பவர்கள் எவ்வளவு நேரம் நின்றோம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். கேட்க வந்தது வேறு. எந்தெந்தத் தோட்டத்து பஸ்கள் இங்கே வந்து முடிகின்றன என்று பாதை பாதையாகக் குறித்து, அந்தத் தோட்டப் பிரிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து இந்த நகரத்தின் எல்லையாக வைத்து, தயவுசெய்து மறுபடி அளவிடுங்கள். காலை எட்டு முதல் பதினொரு மணி வரை நிலையத்தில் இறங்குவோரை எண்ணுங்கள். மூல அட்டவணைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். எண்ண அனுப்புபவர்களில் தமிழ் பேசும் பெண்கள் இருவராவது இருக்கட்டும். மலசலகூடத்தைப் பற்றி ஆண்கள் கேட்டால் பதில் வராது.

இப்படிக்கு,
நகரைப் பாவிப்போர் சார்பில்