அந்தப் பையன் எங்கே பாட்டுப் படித்தான்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் எங்கள் ஊர் இளம் இசையமைப்பாளர் ஒருவரைப் பற்றி அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். ஊரில் பலர் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் ‘இசைப் பின்னணி ஏதுமில்லாத குடும்பத்தில் பிறந்து, கம்ப்யூட்டரில் தானாகவே கற்றுக்கொண்டவர்’ என்ற வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அவன் அப்பா வள்ளி திருமண நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுகிறவர். அவருடைய பெட்டியைப் பழுது பார்க்கிறவன் நான்.

காரைக்குடி என்றதும் உங்கள் நிருபர் சாம்பசிவ ஐயர் வீணை, குன்னக்குடி வைத்தியநாதன் வயலின், காரைக்குடி மணி மிருதங்கம் என்று வரிசையாக எழுதிவிட்டார். நாற்பதுகளில் ஏவி.எம். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்த கதையையும் விடவில்லை. எல்லாம் ஊருக்குப் பெருமைதான், யார் இல்லையென்றது? ஆனால் இந்தப் பையன் வீணையைத் தொட்டதுகூட இல்லை. அவன் வளர்ந்தது நாடக மேடை ஓரத்தில், அப்பாவின் பெட்டிக்குப் பின்னால் விரித்த சமுக்காளத்தில்.

நாடகம் பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் பக்கம் கோயில் திருவிழா என்றால் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்து வைத்த கதைதான், பாட்டுதான். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர். பல நேரம் மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒருவர் நாலு கட்டையில் பாடினால் அடுத்து வருகிறவர் ஐந்தரையில் எடுப்பார். பெட்டிக்காரர் வாயைப் பார்த்தே சுருதியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வள்ளி ஆலோலம் பாடிக் கவண் வீசினால் அதற்கு ஓர் ஓசை. பபூன் தடுக்கி விழுந்தால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பக்கத்தில் தாளமும் சத்தங்களும் பார்த்துக்கொள்கிற ஆல்ரவுண்டுக்காரர் ஜால்ராவைத் தட்டி முடித்து வைப்பார். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடு பிடித்துவிட்டால் பெட்டி வாயே திறக்காது. எந்த இடத்தில் வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பது எந்த சாஃப்ட்வேரில் இருக்கிறது? இதே வேலைக்கு சினிமாவில் பின்னணி இசை என்று பெயர். சம்பளமும் கூட.

உங்கள் நிருபர் ‘யாரிடம் கற்றீர்கள், சான்றிதழ் உண்டா’ என்று கேட்டிருப்பார். ‘இல்லை’ என்றிருப்பான். கூச்ச சுபாவம்.

அவனுக்கு எதில் ருசி என்பதையும் கட்டுரை சரியாகத் தொடவில்லை. குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இசை போடுகிறான் என்று மட்டும் இருக்கிறது. விளம்பரத்துக்குப் போட்டதெல்லாம் சுமார்தான், அவனிடமே சொல்லியிருக்கிறேன். அவன் மனசு இருப்பது என் பட்டறையில் கிடக்கிற பழைய ரீடுகளில். பித்தளை நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். இரண்டு வரிசை ரீடையும் நான் ஒரே சுருதியில் சேர்த்து வைத்தால் அவனுக்குப் பிடிக்காது. “மாமா, கொஞ்சம் பிசகியே இருக்கட்டும், அந்த அலை வேணும்” என்பான். துருத்தி மூச்சு வாங்குவதையும் கட்டைகள் தட்டுப்படும் சத்தத்தையும் தனியாகப் பதிந்து எடுத்துக்கொண்டு போனான். நான் இத்தனை காலம் அந்தச் சத்தம் வராமல் இருக்கத்தான் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்!

இந்தப் பெட்டியை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை உள்ளேயே விடவில்லை. கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைக்கும் குழைவு, வராது என்பது குற்றச்சாட்டு. வராதுதான், கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் நிற்கும், அசையாது. பின்பாட்டுக்காரர்கள் குழைவையெல்லாம் தொண்டையில் வைத்துக்கொண்டு பெட்டியை அசையாமல் நிறுத்திவிடுவார்கள். இவன் புதிதாகப் போட்ட ஒரு மெட்டைக் கேட்டேன். வயலின் மேலே வழுக்கிக்கொண்டே போகிறது, அடியில் ஆர்மோனியம் ஒரே சுரத்தில் நிற்கிறது. அப்பா வாசிப்பு அப்படியே இருக்கிறது. அவனிடம் சொன்னதற்குச் சிரித்தான்.

இன்னொன்று. பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டில், காவல்காரரிடம் சொல்லி உள்ளே போய், பட்டாலை என்கிற கூடத்தில் மைக்கை வைத்துவிட்டு என் கையில் ஒரு பலூனைக் கொடுத்து உடைக்கச் சொன்னான். முட்டைச் சுண்ணாம்பு பூசிய சுவரில் பட்டு அந்தச் சத்தம் அடங்கவே நேரமாயிற்று. வளவில், அதாவது திறந்த முற்றத்தில், உடைத்தால் வானத்தோடு போய்விட்டது. அந்த எதிரொலியைக் கணக்கெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், மெட்ராஸில் ஒரு சின்ன அறையில் வாசித்த வயலினையும் அந்தப் பட்டாலையில் வாசித்த மாதிரி ஆக்கலாமாம். கேட்க வைத்தான், நம்பினேன். கம்ப்யூட்டரை நான் குறை சொல்லவில்லை. அதில் எதைப் போட வேண்டும் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே, அடுத்த இணைப்பில் அவன் தந்தையின் பெயரையும் தொழிலையும் ஒரு வரி சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் நாடகங்களை மைக் செட்டுக்காரர்கள் கேசட்டில் பதிந்து வைப்பது உண்டு. பையன் இப்போது அவற்றைத் தேடி அலைகிறான். பரணில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பட்டும், நிருபர் அவனிடம் சேர்த்துவிடுவார். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் யாரும் போட்டுப் பார்க்க வேண்டாம், அறுந்துவிடும். அப்படியே அனுப்பினால் போதும், பிரித்துச் சுற்றுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆர்மோனியம் பழுது பார்க்கும் வாசகர்,
காரைக்குடி.