ஆள் வராத நாளும், முன்கூட்டியே கேட்கும் குழாய் மாடலும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“சுவரே எழும்பவில்லை, அதற்குள் பாத்ரூம் குழாய் எந்த மாடல் என்று ஏன் கேட்கிறீர்கள்?”, “விலை ஏறுவதற்குள் சிமெண்டை மொத்தமாக இறக்கினால் என்ன?”, “இரண்டு நாளாக சைட்டில் ஆளே இல்லையே?” வீடு கட்டும் எல்லோரும் எங்களிடம் கேட்பவை இவை. ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் வளர்ந்து, 1990களில் கட்டுமானத்துக்கும் வந்த ‘லீன்’ முறையில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். வீட்டு வேலையில் பணம் கரைவது பெரும்பாலும் காத்திருப்பதிலும் கட்டியதை உடைப்பதிலும்தான். அந்த இரண்டையும் குறைப்பதே இந்த முறை.

முதலில் குழாய். தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றி விடும், சுவருக்குள் புதையும் டைவர்ட்டரின் ஆழத்தைப் பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றின் கனத்தையும் கூட்டித்தான் பிளம்பர் வைக்கிறார். பூச்சு மட்டுமே 12 முதல் 15 மி.மீ. வரும். மாடல் தெரியாமல் வைத்தால், ஆழம் கூடிய இடத்தில் நீட்டிப்புத் துண்டு தேடி அலைய வேண்டும். குறைந்த இடத்தில் மேல்தட்டு டைல்ஸோடு ஒட்டாமல் துருத்தி நிற்கும். கழிவு தரைவழியே இறங்கும் வெஸ்டர்ன் கம்மோடுக்கு, டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து குழாயின் மையம் 9 அங்குலமா 12 அங்குலமா என்பது நீங்கள் வாங்கும் பொருளைப் பொறுத்தது. குழாய் ஓடுவதற்காகத் தாழ்த்திப் போட்ட பாத்ரூம் பள்ளத்தை நிரப்பிய பிறகு இதை மாற்றினால், கீழே போட்ட வாட்டர்புரூஃப் பூச்சையும் வெட்டித்தான் ஆக வேண்டும். பிற்பாடு கசிவு தொடங்குவது அந்த ஒட்டுப் போட்ட இடத்தில்தான். சுவிட்ச் பெட்டிக்கும் இதே கதை: பூசிய சுவரைக் குடைந்து பைப் புதைத்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும்.

அடுத்து சிமெண்ட். 1000 சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்றால், பீம் சேர்க்காமல், ஏறக்குறைய 417 கன அடி காங்கிரீட். 1:1½:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) இதற்கு 95 மூட்டை பிடிக்கும். அந்த அளவு, தளம் போடும் நாளுக்கு ஒட்டி வந்தால் போதும். மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கலாம். ஈரக்காற்றில் இன்னும் வேகமாகக் கட்டி தட்டும். டைல்ஸுக்கு மட்டும் இந்த விதியைப் போட மாட்டோம். அடுத்த பேட்ச்சில் நிறம் மாறிவிடும் என்பதால், உடைசலுக்கும் வெட்டுக்கும் 5 முதல் 10 சதவீதம் கூட்டி ஒரே தடவையில் வாங்குவதே நல்லது.

ஆளில்லாத நாளில் இரண்டு வகை. ஒன்று, காங்கிரீட் இறுகக் காத்திருக்கும் நாள். தளத்துக்கு அடியில் கொடுத்த முட்டுக் கம்பங்களைப் பிரிக்க, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறைக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. இது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு. சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் போட்டால் நாங்கள் இன்னும் சில நாள் கூட்டுகிறோம். இந்த நாட்களில் தண்ணீர் கட்டுவதைத் தவிர அங்கே பெரிய வேலை இருக்காது. தயவுசெய்து அவசரப்படுத்த வேண்டாம். இன்னும் இறுகாத பச்சைத் தளத்தின்மேல் செங்கல்லை அடுக்கவும் சொல்ல வேண்டாம்.

கொத்தனார் வந்து நிற்க, எலக்ட்ரீஷியன் பைப்பே போடவில்லை என்றால் அது இன்னொரு வகை. அதுதான் உண்மையான வீண், அது எங்கள் பொறுப்பு. அதற்காகச் சனிக்கிழமை கூலி கொடுக்கும் முன் மேஸ்திரி, கம்பி வேலைக்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் உட்கார்ந்து அடுத்த வாரத்தைப் பேசுகிறோம். வரைபடம், பொருள், கருவி, ஆள், இடம், முந்தைய வேலை, வானிலை இவற்றில் ஒன்று தயாரில்லை என்றாலும் அந்த வேலைக்குத் தேதி கொடுப்பதில்லை. பத்து வேலை ஒப்புக்கொண்டு ஏழு முடிந்தால் அந்த வாரத்தின் கணக்கு 70 சதவீதம். அரைகுறையாக நிற்பது கணக்கில் சேராது. விடுபட்ட மூன்றுக்கும் காரணத்தை எழுதி வைக்கிறோம். அந்தத் தாளை நீங்கள் எப்போது கேட்டாலும் காட்டுவோம்.

கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டம் வரை வீடு எழும்பியுள்ள வீட்டுக்காரர்கள் டைவர்ட்டர், கம்மோடு, ஏசி வைக்கும் சுவர், சிங்க் இருக்கும் பக்கம், கட்டில் தலைமாடு எந்தப் பக்கம் ஆகியவற்றை வரும் சனிக்கிழமைக்குள் எழுதித் தாருங்கள். ஏதாவது முடிவாகவில்லை என்றால் அதையும் குறித்துவிடுங்கள். அந்த ஒரு சுவரைப் பூசாமல் விட்டுவிட்டு மற்றதை நகர்த்துவோம்.

இப்படிக்கு,
உங்கள் கட்டுமானக் குழுவினர்