பாடியவரே காசு கொடுத்து வாங்கிய கேசட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாட்டைக் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்வது தவறா என்று தங்கள் வாசகர் பகுதியில் இரண்டு வாரமாக விவாதம் நடக்கிறது. "ஒருவர் தோட்டத்து வாழைக்குலையை வெட்டிக்கொண்டு போனால் அவருக்குக் குலை இல்லாமல் போகிறது. பாட்டை நகல் எடுத்தால் அசல் அப்படியேதானே இருக்கிறது, யாருக்கு என்ன நட்டம்?" என்று மார்த்தாண்டத்திலிருந்து ஓர் அன்பர் கேட்டிருந்தார். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, அதையே பிழைப்பாகவும் வைத்திருந்தேன். எழுதத் தூண்டியது அதுதான்.

1986 முதல் 2000 வரை நாகர்கோவிலுக்கு அருகில் கேசட் கடை நடத்தினேன். கம்பெனி கேசட்டுகள் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு இருக்கும். கடை ஓடியது பதிவில்தான். வாடிக்கையாளர் ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார். வெற்றுக் கேசட்டில் அவற்றை வரிசையாகப் பதிந்து கொடுப்பேன். கேசட் விலையும் பதிவுக் கூலியும் எனக்கு வரும். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒரு பைசா போகாது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் விடுமுறை முடிந்து திரும்பும்போது இருபது கேசட் வரை பதிந்து எடுத்துப்போவார்கள். அந்தத் தனிமையில் ஒரு பாட்டு அவர்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பது எனக்குத் தெரியும். அந்த ஆசையை இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் இப்படிக் கடைகள் இருந்தபடியால் தவறு என்றே யாருக்கும் உறைக்கவில்லை.

எனக்கு உறைத்தது வில்லுப்பாட்டால்.

1996 வைகாசியில் தோவாளைப் பக்கம் ஓர் இசக்கியம்மன் கோவிலில் கொடை, அதாவது கோவில் திருவிழா. ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லி, அவருடைய ஆம்ப்ளிஃபயரிலிருந்தே என் டேப் ரிக்கார்டருக்கு வயர் இழுத்துவிட்டேன். அன்று பாடிய புலவர், அதாவது வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாடகர், அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றவர். குரு வணக்கத்தில் தொடங்கி, இசக்கியம்மனின் கதையான நீலி கதையை அவர் விரித்த விதத்தை என்னால் எழுத்தில் காட்ட முடியாது. சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டுக்கு வந்தபோது, தாளத்துக்கு அடிக்கும் குடத்தின் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வந்து அவர் எழுந்து ஆட, பெண்கள் குலவையிட, அத்தனையும் நாடாவில் ஏறியது. 90 நிமிடக் கேசட் நான்கு நிறைந்தது. அந்தச் செட்டைப் போல வேறு எதுவும் என் கடையில் விற்றதில்லை.

பதிவதற்கு அனுமதி கேட்டேன், கோவில் கமிட்டியிடம். "தாராளமாக எடுங்கள்" என்றார்கள். அந்தக் குரல் மேல் கமிட்டிக்கு என்ன உரிமை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்தடி தூரத்தில் வில்லின் முன் உட்கார்ந்திருந்தவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடி மாதம் ஒரு மாலையில் அந்தப் புலவர் கடைக்கு வந்தார். "தம்பி, நான் பாடிய கதை இங்கே கிடைக்கும் என்றார்கள். ஒரு செட் தாருங்கள். பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்" என்றார். மடித்து வைத்திருந்த பணத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். நான் அதை எண்ணிக் கல்லாவில் போட்டேன். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. என்னைத் தட்டிக் கேட்க உரிமை இருக்கிறது என்பதே அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு வேறோர் ஊரில் கொடை. வழக்கமாக இரண்டு இரவு அவர் குழு பாடும் கோவில் அது. அந்த முறை ஓர் இரவுக்கு மட்டும் அழைத்திருந்தார்கள். மறுநாள் இரவு ஒலிபெருக்கியில் என் கேசட் ஓடியது. குழுவில் ஆறு பேர். குடம் அடித்தவர் மற்ற நாள்களில் செங்கல் சூளைக்குப் போகிறவர். பின்பாட்டுப் பாடியவர் கொத்தனார் கையாள். கொடைக் காலத்துச் சில மாத வருமானத்தை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள். மார்த்தாண்டம் அன்பரே, அசல் அப்படியேதான் இருந்தது. அந்த ஆறு பேருடைய ஓர் இரவுச் சம்பளம்தான் இல்லாமல் போயிற்று.

"முத்துப்பட்டன் கதையும் சுடலைமாடன் கதையும் ஏட்டிலிருந்து வந்த பொதுச்சொத்து, அதற்கு யார் உரிமை கொண்டாடுவது?" என்று கேட்பார்கள். கதை பொதுதான். அன்றிரவு அதைப் பாடிய குரல் பொது அல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் கொண்டுவந்த திருத்தம் நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை கொடுத்தது. 1999இல் அதன் காலத்தை 50 ஆண்டாக நீட்டினார்கள். புலவரைக் கேட்காமல் அவர் பாட்டைப் பதிவதும் விற்பதும் அந்த உரிமையைப் பறிப்பதுதான். சமயச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாட்டு ஒலிக்கச் செய்வதற்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. அது நல்ல விலக்கு, நான் எதிர்க்கவில்லை. ஆனால் கலைஞரை அழைக்கும் செலவை மிச்சம்பிடிக்கும் வழியாக அதை ஒரு கமிட்டி எடுத்துக்கொண்டால், சட்டம் இடம் கொடுத்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சினிமாப் பாட்டுக்கு வருகிறேன். கம்பெனி பணக்காரன், அவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. முறையாகக் கேட்கிற ஒவ்வொரு பாட்டிலும் எழுதியவருக்கென்று ஒரு துளி இருக்கிறது. பாட்டுச் செயலிகளின் மாதக் கட்டணமும் கட்ட முடியாதவர்கள், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்க உரிமையாளர்களே வெளியிட்டிருப்பதைக் கேட்கலாம். திருட்டுத் தளத்துக்குப் போக வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

எல்லா நகலையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவும் நான் தயாராக இல்லை. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டோடு முடிகிறது. நம் ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோன கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளிவந்த இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. கடையிலும் கிடைக்காமல், வெளியிடுவாரும் இல்லாமல் அழிந்துகொண்டிருக்கும் பழைய தட்டுகளைத் தேடி நகலெடுத்துக் காப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருடர் என்று சொல்ல என் நாக்கு வராது.

இன்று என்னைப் போன்ற கடைக்காரன் தேவையில்லை. கொடைப் பந்தலில் இருபது கைபேசிகள் உயர்கின்றன. மறுநாள் காலை முழு இரவுக் கதையும் யூடியூபில் ஏறிவிடுகிறது. பாடியவர் யார், உடுக்கை அடித்தவர் யார் என்ற ஒரு வரிகூடப் பல பதிவுகளில் இல்லை. விளம்பரப் பணம் வந்தால் அது ஏற்றியவருக்கு. கேட்பவர்களோ அதையும் இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கோவில் கமிட்டிகளிடம் நான் வேண்டுவது இது: குழுவுக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே பதிவைப் பற்றியும் பேசிவிடுங்கள். பதியலாமா, யார் வெளியிடுவது, வருகிற பணத்தில் குழுவுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பந்தல்காரருக்கும் வாணவேடிக்கைக்காரருக்கும் எழுதிக்கொள்கிறோம், புலவருக்கு ஏன் எழுதக் கூடாது? வெளியூரில் இருந்து கேட்கும் நம் பிள்ளைகள், குழுவினர் தாங்களே நடத்தும் சேனல் இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள்.

அந்தப் புலவர் இன்று இல்லை. அவருடைய மகன் ஒரு குழுவில் குடம் அடிக்கிறார். சென்ற தை மாதம் அவர் வீட்டுக்குப் போய் அந்த நான்கு மூலக் கேசட்டுகளையும், நான் விற்ற செட்டுகளுக்கு என் கணக்கில் வந்த ஒரு தொகையையும் கொடுத்தேன். தொகையை வாங்க அவர் தயங்கினார். அவருடைய தாயார் வாங்கிக்கொண்டார். கேசட்டை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவதில் நாடா கொஞ்சம் இழுக்கிறது, மற்றபடி நீலி கதை முழுதாக இருக்கிறது. வெளியிடுவதா வேண்டாமா என்பதை அந்த வீட்டார் இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
முன்னாள் கேசட் கடைக்காரர்,
நாகர்கோவில்