பிரசவம் முடியட்டும் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மகளிர் இணைப்பிதழின் கேள்வி-பதில் பகுதியில், ஆறாவது மாதத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவதாக எழுதியிருந்த ஒரு பெண்ணுக்கு, "கர்ப்ப காலத்தில் இது சகஜம், பல் சம்பந்தப்பட்ட எதையும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் தந்திருக்கிறீர்கள். இருபத்தெட்டு ஆண்டுகளாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவள் நான். அந்த வரியைப் படித்த பிறகு அன்று வேறெதையும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதே வார்த்தையைத்தான் என் மகளும் கேட்டாள். ஏழாம் மாத வளைகாப்புக்கு நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம், காலையில் பல் துலக்கியவள் துப்பியதைக் காட்டுவதற்காக என்னைக் கூப்பிட்டாள். நுரை முழுவதும் சிவப்பாக இருந்தது. மேல்வரிசை முன்பற்களுக்கு நடுவே ஈறு ஒரு மாதுளை முத்தைப் போலப் புடைத்துக்கொண்டிருந்தது. அழைத்துப் போன இடத்தில் பல் மருத்துவர் அவளை நாற்காலியில் உட்காரக்கூட வைக்காமல், குழந்தை பிறந்த பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மாதாந்திரப் பரிசோதனையிலோ எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். ஒருமுறைகூட வாயைத் திறக்கச் சொல்லவில்லை. கீரையும் சுண்டலும் சாப்பிடச் சொன்னவர்கள், மென்றாலே ரத்தம் வரும் வாயை வைத்துக்கொண்டு அவள் எப்படிச் சாப்பிடுவாள் என்று கேட்டிருக்க வேண்டாமா? கடைசி இரண்டு மாதமும் அவள் குழைந்த ரசம் சாதத்தில்தான் காலம் தள்ளினாள்.

34-வது வாரத்தில் 1.9 கிலோ எடையில் பேத்தி பிறந்தாள். பதினாறு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைப் பார்த்தோம்.

உங்கள் பத்திரிகையின் மேல் எனக்குள்ள பழைய மனத்தாங்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் பதினாறு நாட்களுக்குள்தான், ஈறு நோய் இருந்தால் குறைப்பிரசவம் என்று கொட்டை எழுத்தில் ஒரு செய்தி வெளியிட்டீர்கள். சம்பந்தி அம்மாள் அதைக் கத்தரித்துக்கொண்டு வந்து, "பல்லை ஒழுங்காக விளக்கியிருந்தால் பிள்ளை இப்படிப் பிறந்திருக்குமா" என்று என் மகளிடம் கேட்டார். தையல் ஆறாத உடம்போடு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தச் செய்தி சொன்னது பாதி உண்மை என்பதை நீங்கள் அறியாதவர் அல்லர். 1996-இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தார் 124 பெண்களை ஆராய்ந்து, கடுமையான ஈறு நோய் உள்ளவர்களுக்குக் குறைமாதத்தில் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு அதிகம் என்றார்கள். ஈற்றின் அழற்சியால் ரத்தத்தில் கூடும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் கருப்பையை முன்னதாகவே தூண்டிவிடலாம் என்பது அதற்கான விளக்கம். ஆனால் 2006-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஈறு நோயுள்ள 823 கர்ப்பிணிகளில் ஒரு பாதியினருக்குக் கர்ப்ப காலத்திலும் மறுபாதியினருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் சிகிச்சை அளித்தபோது, குறைப்பிரசவம் முறையே 12 சதவீதமும் 12.8 சதவீதமுமாக இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. எனவே என் மகளின் ஈறுதான் பேத்தியை முன்னதாகவே வெளியே கொண்டுவந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் அந்தப் பல் மருத்துவர் மீது அந்தப் பழியைப் போடவில்லை.

ஆனால் அதே 2006 ஆய்வு, கர்ப்ப காலத்தில் செய்த ஈறு சிகிச்சை தாய்க்கும் சேய்க்கும் கேடு செய்யவில்லை என்பதையும், தாயின் ஈறு நோய் அதனால் குறைந்தது என்பதையும் காட்டியது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் 2013-இல், பல் சுத்தம் செய்தல், உரிய பாதுகாப்புடன் எக்ஸ்-ரே, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் சிகிச்சை ஆகியவை கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானவை என்று அறிவித்தது. நான்காவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை இதற்கு மிகவும் வசதியான காலம். ஹார்மோன் மாற்றத்தால் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஈறு வீங்குகிறது என்பதால் அதைச் சகஜம் என்று நீங்கள் எழுதியது சரிதான். சகஜமானதை அப்படியே விட்டுவிடச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைக்கு ஆபத்து என்று நிரூபணமானால்தான் தாயின் வாயை எட்டிப் பார்ப்போமா? வலியும் ரத்தமும் அவளுடையவை இல்லையா? என் மகளுக்குப் பிரசவம் முடிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்து, ஒருவழியாகச் சிகிச்சைக்குப் போனபோது கீழ்வரிசையில் இரண்டு பற்கள் ஆட்டம் கண்டிருந்தன. ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு வயது இருபத்தேழு.

உங்கள் இணைப்பிதழில் பல்லைப் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை அதை வெண்மையாக்கும் வழிகளைத்தான் சொல்கின்றன என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுங்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு இப்போது ஆறாவது மாதம் முடிவதற்குள் இதழ் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.